அடிக்குரல்

லீட்ஸ்
14.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாறன் எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. நாளைக்குப் பொங்கல். இங்கே மூன்று நாளாகப் பனி கொட்டுகிறது. உன் முழங்கால் வலி தேவலையா? மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? நிலா அவலூர்பேட்டையில் மாமியார் வீட்டில் பழகிவிட்டாளா?

நீ கேட்டபடி காகிதத்தில் எழுதுகிறேன். பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டுமே எழுதிய நர்ஸ் கை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். போன வருஷம் வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது கூப்பிட்டால் மாமாதான் எடுக்கிறார். "அக்கா மில்லுல இருக்குதுப்பா" என்கிறார். நீ வாட்ஸப்பில் கும்பிடும் கையும் ரோஜாப்பூவும் அனுப்புகிறாய். மலை மறைக்கிறது, டவர் கிடைக்கவில்லை என்கிறாய். நிலா அங்கே வந்திருக்கும்போது அதே வீட்டிலிருந்து பேசினால் கணீரென்று கேட்கிறது.

நிலா கல்யாணத்துக்குத் தாய்மாமன் நான் வராததால்தானே? கோபம் என்றால் திட்டிவிடு.

இனி நல்ல சேதி. இங்கே ஒரு சின்ன ரெக்கார்டிங் கம்பெனி என் பாட்டை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் போட முன்வந்திருக்கிறது. பதினோரு வருஷமாக ஓபரா நாடகக் கோரஸில் நாற்பது பேரில் ஒருவனாக நின்றவனுக்கு நாற்பத்தாறு வயதில் வந்த யோகம். மொத்தம் ஒன்பது பாட்டு. எல்லாம் இத்தாலிய ஓபராப் பாட்டுகள், ஆனால் இங்கிலீஷில் பாடப்போகிறேன். முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் தம்பி
இளமாறன்

*

செஞ்சி
11.2.2024

அன்புத் தம்பி மாறனுக்கு,

அக்கா வள்ளியம்மையின் ஆசீர்வாதம். நாங்கள் எல்லாரும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நான் அதை மறந்துவிட்டேன். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் பொங்கலன்று மட்டும் அவரைக் கட்டிவைக்க முடியவில்லை.

கோபம் எதுவும் இல்லைடா. சம்பா அறுவடை. மார்க்கெட் கமிட்டி வாசலில் நெல் வண்டி வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிற்கிறது. காலை ஆறு மணிக்கு மில் ஓட ஆரம்பித்தால் இருட்டும் வரை ஓய்வில்லை. போனைக் கையில் எடுக்க நேரமில்லை, அவ்வளவுதான். கடிதம் என்றால் நிதானமாகப் படித்து நிதானமாக எழுதலாம்.

உன் சேதியை மாமாவிடம் சொன்னேன். "மாறன் பாஸ் பாட்டுக்காரன்ல, அவனே தனியா ரெக்கார்டு போடறானாம்."

"எப்ப பாஸ் பண்ணான்?" என்றார்.

பாஸ் என்றால் ஆம்பளைக் குரலிலேயே ரொம்பக் கீழே இருக்கிற அடிக்குரல் என்று விளக்கினேன். "அதான் சின்னதுலேர்ந்தே கெணத்துக்குள்ளேர்ந்து பேசறாமாரி பேசுவானே" என்றார். மறுநாள் மார்க்கெட் கமிட்டியில் எல்லாரிடமும் மச்சான் இங்கிலாந்தில் பாஸாகிவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

எனக்கு ஓர் உதவி செய். ஒன்பது பாட்டின் வரிகளையும் எழுதி அனுப்பு. இங்கிலீஷில் ஒரு வரி, அதன் கீழே தமிழில் அர்த்தம். யார் பாடுகிறான், யாரைப் பார்த்துப் பாடுகிறான் என்பதும் வேண்டும். நான் பிளஸ் டூ இங்கிலீஷ்காரி. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

குளிரில் தலைக்குக் குல்லா போட்டுக்கொள்.

அக்கா
வள்ளியம்மை

*

லீட்ஸ்
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு லேசான ஜலதோஷம். படித்துச் சிரித்ததில் பாதி போய்விட்டது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பதில் சந்தோஷம்.

வரிகளைத் தனித் தாள்களில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினாறு பக்கம். ஓபராவில் என் மாதிரிக் குரலுக்கு என்ன வேஷம் கிடைக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும். காதலன் எப்போதும் மேல்குரல்காரன்தான். எங்களுக்குக் கிடைப்பது கிழ ராஜா, பூசாரி, பேய், பெண்ணைப் பெற்றவன். என் ஒன்பதில் ஓர் ஓடக்காரன் உண்டு. விருந்துக்குச் சமைத்ததை ருசி பார்த்துப் பார்த்தே தீர்த்துவிடும் சமையல்காரன் ஒருவன் உண்டு. எல்லாவற்றிலும் கஷ்டமானது நான்காவது பாட்டு. ஒரு ராஜாவின் மகள் எதிரி வீட்டுப் பையனோடு போய்விட்டுத் திரும்பி வருகிறாள். வெளியே பனி. ராஜா காவல்காரனைக் கூப்பிட்டுக் கோட்டைக் கதவை மூடு, திறக்காதே என்கிறான். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போகிறது.

ஏன் இத்தாலியில் பாடவில்லை என்று இங்கே பலர் கேட்கிறார்கள். மூல மொழியின் அழகு போய்விடுமாம். என் வார்டில் இருக்கிற நோயாளிகளுக்கு நான் பாடுவது புரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ராஜா என்ன சொல்கிறான் என்று தெரியாமல் குரலை மட்டும் ரசித்தால் அந்தப் பெண் பனியில் நிற்பது யாருக்குத் தெரியும்?

ராஜா பாட்டை ஒருமுறை பாடி உன் வாட்ஸப்புக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல். ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்ததும் பிரேயர் பாட்டுக் கோஷ்டியிலிருந்து என்னை நீக்கினார்களே, அன்று பள்ளிக்கூடத்துக்கு வந்து நீ சண்டை போட்டாய். "இவன் கொரலுக்கு உங்ககிட்ட எடமில்லன்னா இன்னா, வேற எங்கயாவது இருக்கும்" என்றாய். அதனால் உன் அபிப்பிராயம் எனக்கு முக்கியம்.

தம்பி
இளமாறன்

*

செஞ்சி
28.4.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் ஜலதோஷம் போயிருக்கும் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. வெயில் இப்போதே மலைப் பாறையைக் காய்ச்சி ஊருக்குள் அனுப்புகிறது. மில்லுக்குள் நிற்க முடியவில்லை.

நீ அனுப்பிய பதினாறு பக்கத்தையும் படித்தேன். ராஜா பாட்டை நாலைந்து தடவை படித்தேன். சமையல்காரன் நம் மாமாவேதான்.

உன் பாட்டு ரொம்ப நன்றாக இருந்தது. குரல் கம்பீரம். கூட வந்த வயலினும் அருமை.

நிலா போன வாரம் வந்துபோனாள். வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை. அவள் மாமியார் சுந்தராம்பாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதுதான் அவளுக்கு வருத்தம். சரியாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
வள்ளியம்மை

*

லீட்ஸ்
12.5.2024

அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் வெயிலில் ஜாக்கிரதையாக இருங்கள்.

நான் அனுப்பிய பாட்டில் வயலின் இல்லை. பியானோ ஒன்றுதான். நீ கேட்கவே இல்லை.

எட்டு வாரம் காத்திருந்தேன். கோபமில்லை, வேலை என்று எழுதுகிறாய். ஐந்து நிமிஷப் பாட்டு அது. உண்மையை நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றேனே, அது பொய். லீவு கிடைத்திருந்தது, டிக்கெட்டும் எடுத்திருந்தேன். அந்த வாரம் ஒரு பாடகருக்குத் தொண்டை கட்டிப்போய், அவருக்குப் பதிலாகத் தனி வேஷம் போட என்னைக் கூப்பிட்டார்கள். என் ஒரே அக்கா மகளின் கல்யாணத்தை விட்டுவிட்டு நான் மேடையைத் தேர்ந்தெடுத்தேன். அன்று பாடியதைக் கேட்டுத்தான் இந்த ரெக்கார்டே வந்தது. தாய்மாமன் இருந்து செய்ய வேண்டியதை மாமாவின் பங்காளி யாரோ செய்ததாக நிலா சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உனக்கு இது எப்படியோ தெரிந்திருக்கிறது. அதனால்தான் என் குரலே உனக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. நான் உன் காலில் விழுகிறேன், அக்கா. ஒரு வார்த்தை திட்டி எழுது.

இளமாறன்

*

செஞ்சி
26.5.2024

என் தங்கமான தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு சுகம் என்று இத்தனை நாள் எழுதினேன். அது பொய். நீ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாய், நானும் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காது கேட்கவில்லை, மாறா.

மூன்று வருஷமாக. முதலில் குருவிச் சத்தம் போனது. குருவியே இல்லை என்று நினைத்தேன். பிறகு குக்கர் விசில். பிறகு போனில் பேசினால் நீ பேசுவது தெரிகிறது, என்ன பேசுகிறாய் என்று தெரியவில்லை. சென்ற தைமாசம் மாமா பாண்டிச்சேரிக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். "இருபத்திரண்டு வருஷமா மில்லு மெஷின் பக்கத்துலயே நின்னா இப்டித்தாம்மா. மேல் சத்தமெல்லாம் போயிடுச்சு, கீழ் சத்தம் நல்லாவே இருக்குது" என்று ஒரு படம் போட்டுக் காட்டினார். மலை உச்சியிலிருந்து பள்ளத்துக்கு விழுகிற மாதிரி ஒரு கோடு. காது மெஷின் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் மாட்டேன் என்று வந்துவிட்டேன். ஐம்பத்து நாலு வயதில் செவிடி என்று பேர் வாங்க மனசில்லை.

கல்யாணத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சம்பந்தியம்மா சுந்தராம்பாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் உதடு அசைந்ததுதான் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டே "ரொம்ப சந்தோஷங்க" என்றேன். அவர் முகம் செத்துப்போய்விட்டது. அவர் சொன்னது, "எங்கண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்குறாரு, அதான் வரல." மாமா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எப்படிப் போய் விளக்குவது? விளக்கினால் காதைச் சொல்ல வேண்டும்.

நீ வரவில்லை என்று தெரிந்ததும் என் மனசில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. நீ நர்ஸ். வந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாய். நீ அங்கே குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருக்கிறாய், நான் இங்கே நீ வராததற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் கேட்கிறாய் என்பதற்காக ஒரு தடவை திட்டுகிறேன்: டிக்கெட் எடுத்தும் வராமலிருந்தது தப்புதான், கழுதை. முடிந்தது.

உன் பாட்டை அன்று மாமாவிடம் கொடுத்து என்ன வாத்தியம் என்று கேட்டேன். மில் ஓடும்போது கேட்டுவிட்டு "பிடில் மாரி இருக்குது" என்றார். அதை நம்பி எழுதினேன்.

உன் கடிதம் வந்ததும் மில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆபீஸ் மேஜைமேல் பெரிய ஸ்பீக்கரை வைத்துப் போட்டோம். பாதிச் சத்தத்தில் வெறும் முனகல்தான். முழுச் சத்தம் வைத்ததும் உன் குரல் வந்தது, மாறா. நிலா பேசினால் எனக்கு உதடு மட்டும்தான் தெரிகிறது. மாமா கத்தினால் பாதி வருகிறது. உன் குரல் முழுசாக வந்தது. வார்த்தை கரைந்து போகிறது. அதற்கு உன் தாள் கையில் இருந்தது. விரலை வரிமேல் வைத்துக்கொண்டே கேட்டேன். மாமா, "இன்னாத்துக்கு அழுவற?" என்று கேட்டார். அதுவும் எனக்குக் கேட்டது.

அக்கா
வள்ளியம்மை

*

லீட்ஸ்
9.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி கேன்டீனில் படித்தேன். யாராவது இறந்துவிட்டார்களா என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். இல்லை, என் அக்கா என்னைத் திட்டியிருக்கிறாள் என்றேன்.

புதிதாக வரும் ஒவ்வொரு நோயாளியிடமும் நான் முதலில் கேட்பது, நான் பேசுவது கேட்கிறதா என்பதுதான். உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை. என் குற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் நீ கண்ணுக்குத் தெரியவில்லை.

பரிதாபப்பட்டு எழுதினால் உனக்குப் பிடிக்காது. அதனால் இரண்டு வேலை சொல்கிறேன். முதல் வேலை, காது மெஷின் போட்டுக்கொள். கண்ணாடி போட்டவளை யாரும் குருடி என்று சொல்வதில்லை. சுந்தராம்பாள் அம்மாவிடமும் போய் உண்மையைச் சொல். நிலாவுக்காக.

இரண்டாவது வேலை எனக்காக. செப்டம்பரில்தான் இறுதிப் பதிவு. என் வார்த்தைகள் தெளிவாக வருகிறதா என்று இங்கே யாரைக் கேட்டாலும் வருகிறது என்கிறார்கள். அவர்களுக்கு அது தாய்மொழி, விட்டதைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறார்கள். உன்னால் நிரப்ப முடியாது. ஒன்பது பாட்டையும் ஒரு பென்டிரைவில் அனுப்புகிறேன். தாளை வைத்துக்கொண்டு கேள். எந்த வார்த்தை உனக்கு வந்து சேரவில்லையோ அதன் அடியில் கோடு போட்டு அனுப்பு. தயவு தாட்சண்யம் வேண்டாம்.

மாமாவிடம் அது பியானோ என்று சொல்.

தம்பி
இளமாறன்

*

செஞ்சி
21.7.2024

அன்புத் தம்பிக்கு,

வள்ளியம்மை எழுதுவது. எல்லாரும் நலம். நேற்று இங்கே நல்ல மழை, அதை நான் கேட்டேன்.

மெஷின் போட்டுக்கொண்டு இன்றோடு பன்னிரண்டு நாள். முதல் நாள் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று இருந்தது. தட்டு வைத்தால் இடி, பஸ் ஹார்ன் மண்டைக்குள் ஊதுகிறது, நான் நடந்தால் என் புடவையே சரசரவென்று பேசுகிறது. இவ்வளவு சத்தத்திலா நீங்கள் எல்லாரும் வாழ்கிறீர்கள்? பழகப் பழகக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

அவலூர்பேட்டைக்குப் போனேன். சுந்தராம்பாள் அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் காதிலிருந்து மெஷினைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது இல்லாம எனக்கு ஒண்ணும் கேக்காதுங்க. அன்னைக்கும் கேக்கல" என்றேன். பிறகு மாட்டிக்கொண்டு அவர் பேசட்டும் என்று பார்த்தேன். அப்புறம், "நீங்க மில்லுக்காரங்க, திமிரு புடிச்சவங்கன்னு ஊரெல்லாம் சொல்லிவெச்சிட்டேனே, இப்ப நான் யார் யார்கிட்டப் போயி மாத்திச் சொல்றது?" என்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அண்ணன் இப்போது நடமாடுகிறாராம். அதற்கு மறுபடியும் "ரொம்ப சந்தோஷங்க" என்றேன். இந்தத் தடவை சரியான இடத்தில்.

இனி உன் வேலை. ஞாயிறுதோறும் மில் ஓடாதபோது கேட்டேன். கோடு போட்ட தாள்கள் இதோடு இருக்கின்றன. ஓடக்காரன் நன்றாகப் பேசுகிறான். சமையல்காரன் அவசரப்படுகிறான், மூன்றாவது வரி முழுக்கக் கஞ்சியாகிவிட்டது. ராஜா பாட்டில்தான் குறை அதிகம். ‘கேட்’ என்று எழுதியிருக்கிறாய், ‘கே’ என்றுதான் வருகிறது. ‘ட்’ எங்கேயோ கீழே விழுந்துவிடுகிறது. ஏழு இடத்தில் விழுகிறது. கதவை மூடச் சொல்கிறவன் ‘ட்’டை விட்டால் கதவு எப்படி மூடும்? ‘ஸ்நோ’ எனக்கு ‘நோ’ என்று கேட்கிறது. அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதாக நினைத்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மில்லில் வேலை செய்கிற பதினொரு பேருக்கும் காது மூடி வாங்கிவிட்டோம். இனிமேல் யாரும் அது இல்லாமல் மெஷின் பக்கம் போகக் கூடாது என்று மாமா உத்தரவு. முதல் ஆளாக அவர்தான் மறந்தார்.

சாப்பாட்டு வேளை தவறாமல் சாப்பிடு.

அக்கா
வள்ளியம்மை

*

லீட்ஸ்
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் தூங்கி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். பதிவு முடிந்து ஒரு வாரமாகத் தூக்கம்தான்.

ஒரு பழைய சர்ச்சில் நாலு நாள் பதிவு. உன் தாள்களை மியூசிக் ஸ்டாண்டில் பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பதிவை நடத்திய ஹெலன், அதென்ன கோடு கோடாக என்று கேட்டார். என் அக்கா திருத்தியது என்றேன். முதலில் சிரித்தார். பிறகு ராஜா பாட்டைப் போட்டு ஹெட்போனில் கேட்டார். ‘ட்’ விழும் இடங்களை எண்ணினார். "உன் அக்கா சொல்வது சரி. நான் எட்டு எண்ணினேன்" என்றார். அந்தப் பாட்டை மட்டும் பதினான்கு தடவை பாடினேன். ‘ஸ்’ என்ற சத்தம் உன் காதுக்கு வராது, அதை யாராலும் கொண்டுவர முடியாது. ‘ட்’டைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நம்புகிறேன்.

ரெக்கார்டு டிசம்பரில் வருகிறது. பொங்கலுக்கு நானும் வருகிறேன். இந்தத் தடவை டிக்கெட் நகலை மாமாவுக்கும் அனுப்பிவிட்டேன், சாட்சிக்கு.

தம்பி
இளமாறன்

*

செஞ்சி
2.3.2025

அன்புத் தம்பி மாறனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. போனில் பேசினாலும் இதைக் காகிதத்தில்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். மாமாவுக்கு நீ கொடுத்த சட்டை தோளில் பிடிக்கிறது, ஆனாலும் கழற்றமாட்டேன் என்கிறார்.

ரெக்கார்டைப் பற்றி அங்கே பத்திரிகையில் எழுதியிருந்ததை நிலா படித்துக் காட்டினாள். ஒருவர் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவு என்கிறார். இன்னொருவர் இத்தாலியிலேயே பாடியிருக்கலாம் என்கிறார். இரண்டாமவரை விடு.

நீ போன பிறகு சுந்தராம்பாள் அம்மா ஆள் அனுப்பினார். அவர்கள் மகளிர் குழுப் பெண்கள் உன் பாட்டைக் கேட்க வேண்டுமாம். ஞாயிறு மத்தியானம் அவலூர்பேட்டைக்கு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போனோம். இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். இங்கிலீஷ் பாட்டு, யாருக்கும் புரியாது. நான் எழுந்து நின்றேன். இத்தனை பேர் முன்னால் நான் நின்று பேசியதே இல்லை. ஒரு வரி ஓடியதும் நிலா நிறுத்துவாள், நான் தமிழில் சொல்வேன், மறுபடி போடுவாள். தாளைப் பார்க்கவே இல்லை. எல்லாம் மனப்பாடம்.

ராஜா பாட்டு வந்தது. கோட்டைக் கதவை மூடு என்கிறான், காவல்காரா மூடு என்கிறான், அவள் பனியில் நிற்கிறாள் என்றேன். பனியை மட்டும் விளக்க வேண்டியிருந்தது. பின்வரிசையில் ஒரு அம்மா கத்தினார்.

"பெத்தவனா அவன்? தொறக்கச் சொல்லு!"

"தொறப்பான் இரு. கொரலு இறங்குது பாரு, மனசு கரையுது" என்றார் சுந்தராம்பாள் அம்மா.

"ஒண்ணும் கரையல. வீம்பு."

"உனக்குத் தெரியுமா? பொண்ணக் கட்டிக் குடுத்துப் பாரு, தெரியும்."

பாட்டு முடிந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி கேட்டாள், "யாருக்கா இது?"

"என் தம்பிதான்" என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமை.

"உங்க தம்பிய யாரு கேட்டா? அந்த ராஜா எந்த ஊரு? அப்பறம் கதவத் தொறந்தானா இல்லியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ அனுப்பிய தாளில் அது இல்லை. உன் பேரை யாருமே கேட்கவில்லை, மாறா. பஸ் ஏறும் வரைக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். சீக்கிரம் எழுது, அவன் திறந்தானா?

அக்கா
வள்ளியம்மை